பாட்டனாரின் துப்பாக்கி

எம் தந்தையார் மறைந்த பதினேழாம் நாள், பிச்சாட்டூர் வீட்டுப் பழம்பெட்டியைத் திறந்து காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பட்டா, பயிர்க்கடன் பற்றுச்சீட்டுகள், மங்கிய திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றுக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய சிறு புத்தகம் ஒன்று கிடைத்தது. பயிர்க்காவலுக்காக ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொள்ள அரசு அளித்த உரிமப் புத்தகம் அது. பாட்டனார் பெயரில் தொடங்கித் தந்தையார் பெயருக்கு மாறியிருந்தது. துப்பாக்கியோ கூடத்துச் சுவரில், ஆணியில் தொங்கிற்று. உரிமம் பெற்றவர் இறந்தால் அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்; வேண்டுமெனில் வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம். வாரிசு யாமே.

தலைநகரில் மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராக இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எமக்குத் துப்பாக்கி எதற்கு? கோப்புகளைக் காட்டுப்பன்றிகள் மேய்வதில்லை. எனினும் கையொப்பமிட வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

பிச்சாட்டூரை அறியாத அன்பர்க்கு ஒரு சொல். ஆரணியாற்று அணை இருக்கும் ஊர் அது. அணை திறந்தால் ஊத்துக்கோட்டைக்காரர் அஞ்சுவர். 1960இல் திருத்தணி தமிழகத்துக்குப் போயிற்று. எம் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 முதல் திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. நிலக்கடலை முற்றும் பருவத்தில் பன்றிகள் இறங்கினால் ஒரே இரவில் அரைக்காணி உழுதது போல் ஆகிவிடும்.

பாட்டனார் அத்துப்பாக்கியில் மருந்து இடுவதைச் சிறுவராய் இருந்தபோது கண்டிருக்கிறோம். கொம்பிலிருந்து கருமருந்தை அளந்து கொட்டுவார். தேங்காய் நாரை அடைத்து இரும்புக் கோலால் இடிப்பார். பிறகு ரவை, மீண்டும் நார், மீண்டும் இடி. இறுதியில் கேப்பு. ஒரு முறை சுட்டால் மறுமுறைக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகும். அதற்குள் பன்றி மலையேறிவிடும். உண்மையில் அது பன்றியைக் கொல்வதற்கன்று, வெருட்டுவதற்கே பயன்பட்டது.

ஒரு மார்கழி இரவு, கரும்பு ஓரத்தில் ஏதோ கறுப்பாய் அசைந்தது. பாட்டனார் சுட்டார். எழுந்த குரல் மனிதக் குரல். அண்டை நிலத்துக்காரர் பனிக்குக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மடை திருப்பக் குந்தியிருந்தார். ரவைகள் கோணியின் மடிப்பைத் துளைத்துப் போயின. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. பாட்டனார் அவர் காலில் விழுந்தார் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் பின் அவர் அதனைச் சுடவே இல்லை. ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்கத் தவறவில்லை. தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கிவந்தார். ஆயுத பூசைதோறும் சந்தனம் இட்டார்.

எம் தடுமாற்றத்தைத் தொலைபேசியில் கேட்ட தங்கை, "கொடுத்துவிடாதே அண்ணா, தாத்தாவுடையது அல்லவா?" என்றாள். அவள் இருப்பது டெக்சாஸில். அங்கு 2021 முதல் இருபத்தொரு வயது நிரம்பியோர் பெரும்பாலும் உரிமமின்றியே கைத்துப்பாக்கி ஏந்தி நடமாடலாம். குடியுரிமை பெற்றுவிட்ட மாப்பிள்ளையும் ஒன்று வாங்க எண்ணுகிறாராம். "இங்கே அது அரசியல் சட்டம் தந்த உரிமை அண்ணா," என்றாள். சற்று நேரம் கழித்து, மூன்றாம் வகுப்பில் படிக்கும் தன் மகனுக்குப் பள்ளியில் விளக்கணைத்து, மேசைக்கடியில் மூச்சடக்கி ஒளியப் பயிற்சி தருகிறார்கள் என்பதையும் சொன்னாள். 2022 மே மாதம் பத்தொன்பது குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் சுடப்பட்டு இறந்த யுவால்டி அவள் மாநிலத்து ஊர்தான்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. 1791இல் அமெரிக்கர் அவ்வுரிமையை எழுதிவைத்தபோது அவர்கள் கண்ட துப்பாக்கி எது? பெரும்பாலும் எம் பாட்டனாருடையதற்குத் தமையன் முறையாகும் ஒன்றே. மருந்து, குண்டு, இடிகோல். தேர்ந்த வீரனே நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் அதிகம். அவ்வரி பேசுவதும் ஊர்க்காவற்படையைப் பற்றியே தொடங்குகிறது. 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது தனிமனிதர் உரிமையே என்றது. 2022இல், இன்றைய கட்டுப்பாடு நாட்டின் பழைய மரபோடு பொருந்த வேண்டும் என்றது. கருவி மாறிவிட்டது, அளவுகோல் மட்டும் பழையதாய் இருக்கலாமோ?

அதற்காக ஆயுதம் பறித்தவரெல்லாம் நல்லவர் ஆகிவிடார். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த 1801இல் கும்பினியார் பாளையக்காரரின் படைக்கலங்களைப் பறித்தது குடிகள்மேல் கொண்ட பரிவினாலா? 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்கச் சொல்லி, ஐரோப்பியரை விலக்கியது. 1918இல் காந்தியடிகளே அதனை வன்மையாகக் கண்டித்து எழுதினார். 1931ஆம் ஆண்டுக் கராச்சிக் காங்கிரசு, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதனை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தபோது, அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நியர் ஆட்சியில் எழுந்த கோரிக்கை வேறு, மாறிய நிலைமை வேறு என்பது அவர் கருத்து. திருத்தம் தோற்றது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே நமக்கு வாய்த்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியை உரிமத்தின் கீழ் வைத்தது. 2019இல் ஒருவர் வைத்திருக்கத்தக்கது மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பயிர்க்காவலுக்கு மருந்துத் துப்பாக்கி கேட்டால் தரலாம் என்னும் இடம் இன்றும் உண்டு. 1972க்குப் பின் அதனால் பன்றியைக் கொல்ல வேறோர் அனுமதி வேண்டும் என்பது தனிக்கதை.

குடகு நாட்டில் மட்டும் பழைய உரிமை ஒன்று எஞ்சியிருக்கிறது. குடவர்க்கும் சம்மா நிலம் உடையோர்க்கும் 1861 முதல் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு. கைல்போத் நாளில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டுவர். பிறப்பாலும் நிலத்தாலும் வரும் சலுகை முறையா என்று வழக்கு வந்தது; 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம், அவர்தம் போர்மரபையும், விலக்குக்கு நிபந்தனையும் காலவரையும் இருத்தலையும் கருதி அதனை ஏற்றது. பிறப்பை அளவாகக் கொள்வது எமக்கு இன்றும் உறுத்துகிறது. ஆயினும் அந்த ஆணையில் எழுத்தர் கண்ணுக்குப் பட்ட ஒன்று உண்டு: 2029 அக்டோபர் வரை. கோப்பை மூடாமல், "மீண்டும் சமர்ப்பிக்க" என்று தேதியிட்டு வைத்திருக்கிறார்கள். அந்நாளில் யாரேனும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். 1791ஆம் ஆண்டு வரிக்கு அப்படி ஒரு தேதி இல்லை. திருத்துவதற்கோ நாலில் மூன்று பங்கு மாநிலங்களின் இசைவு வேண்டும்.

பாட்டனாரும் தேதி வந்தபோதெல்லாம் புத்தகத்தைப் புதுப்பித்தார். ஆனால் வேண்டுமா என்று ஒருமுறையேனும் கேட்டுக்கொண்டாரா? தந்தையார் கேட்டாரா? யாம் கேட்டோம்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னோம். "சுடுதோ சுடலியோ, வீட்டுல இருக்கட்டுமே நைனா," என்றார். கோணி போர்த்தியிருந்தவரின் கதையை நினைவூட்டினோம். சிறிது நேரம் பேசவில்லை. பின், "மருந்துக் கொம்பையாவது விடுவாங்களா, கேளு," என்றார்.

காவல் நிலையத்தில் துப்பாக்கியைக் கொடுத்து, உரிமம் வேண்டாம் என்று எழுதிக் கையொப்பமிட்டோம். மருந்தில்லாத வெறுங்கொம்பு எங்கள் கணக்கில் இல்லை என்று காவலர் சிரித்தார். தங்கைக்கும் எழுதினோம், மாப்பிள்ளை இன்னும் முடிவு செய்யவில்லையாம். இம்முறை ஆயுத பூசையன்று அம்மா எம்முடன் தலைநகரில் இருந்தார். எம் பேனாவுக்கும், மகளின் கணினிக்கும், அந்தக் கொம்புக்கும் அவரே சந்தனம் இட்டார்.