பத்து நாள் கணக்கு

ஆற்று நீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருப்பவனிடம் ஒரு சாவி இருக்கிறது என்றும், அவன் மனம் வைத்தால் மதகு திறக்கும், வைக்காவிட்டால் மூடிக்கொள்ளும் என்றும் டெல்டா ஜில்லாக்களில் வெகுகாலமாக ஒரு நம்பிக்கை உண்டு. காவிரிப் பாசனப் பிரிவில் பொறியாளனாகச் சேர்ந்து, ஷட்டர்களையும் கரைகளையும் மேற்பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிற்காலத்தில் மாநிலங்களுக்கிடையே நடக்கும் கூட்டங்களுக்கு வேண்டிய நீர்க்கணக்குகளைத் தயாரிக்கும் மேஜைக்கு வந்து சேர்ந்த எனக்கு அந்தச் சாவி என்றைக்கும் தென்பட்டதில்லை. தென்பட்டதெல்லாம் ஓர் அட்டவணை; ஜூன் முதல் தேதியில் தொடங்கி மே 31-இல் முடியும் நீர் வருஷத்தை மாதத்துக்கு மூன்றாகப் பகுத்த முப்பத்தாறு கட்டங்கள் கொண்ட காகிதம். எங்கள் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்தக் கட்டங்களில்தான் அடங்கியிருக்கிறது என்பதும், வருஷத்துக்கு இத்தனை டி.எம்.சி. என்று நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்ற உரிமை ஒரு குறிப்பிட்ட பத்து நாளுக்குள் இறங்கிய பிறகே வயலுக்கு உதவும் தண்ணீராகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

தீர்ப்பின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990 ஜூன் மாதத்தில் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம், 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி அளித்த இறுதித் தீர்ப்பில், இரண்டு வருஷத்துக்கு ஒரு வருஷமேனும் கிடைக்கக்கூடிய நீர் 740 டி.எம்.சி. என்று கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்து, சுற்றுச்சூழலுக்கென 10-ஐயும், தடுக்க இயலாமல் கடலுக்குப் போவதென 4-ஐயும் ஒதுக்கி வைத்தது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்திற்று. எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் சேர்ப்பிக்க வேண்டிய நீர் 192-இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆயிற்று. குறைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, தமிழ்நாட்டின் நிலத்தடியில் 10 டி.எம்.சி. நீரைக் கணக்கில் கொள்ளலாம் என்பது. கும்பகோணத்துக்கு மேற்கே பம்புசெட்டு வைத்திருப்பவருக்கு இது நியாயமாகப்படும். தலைஞாயிற்றுப் பக்கத்திலோ, வேதாரண்யத்துப் பக்கத்திலோ ஆழ்குழாய் இறக்கி உப்பு நீரைக் கண்டவருக்கு அப்படிப்படாது. சராசரி என்பது எந்த ஊரிலும் குடியிருப்பதில்லை.

இந்தப் பங்கீட்டைக் காரியமாக்குவதற்கென்று 2018 ஜூன் மாதம் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும், அதன் கீழ் ஒழுங்காற்றுக் குழுவும் ஏற்பட்டன. ஆணையம் கொள்கையையும் இறுதி முடிவையும் வைத்துக்கொள்ள, நாள்வாரியான நீர்வரத்து, இருப்பு, வெளியேற்றம் ஆகியவற்றைச் சேகரித்துப் பரிசீலிக்கும் வேலை குழுவினுடையது. கேரளத்தின் பாணாசுரசாகர், கர்நாடகத்தின் ஹேமாவதி, ஹாரங்கி, கபினி, கிருஷ்ணராஜசாகர், தமிழ்நாட்டின் கீழ்பவானி, அமராவதி, மேட்டூர் ஆகிய எட்டு நீர்த்தேக்கங்கள் அதன் பார்வைக்குள் வருகின்றன. மதகைத் திருப்புவது அந்தந்த மாநிலத்துப் பணியாளரே. ஒரு மாநிலம் தவறினால் அதன் பிற்காலப் பங்கில் கழித்துக்கொள்ளவும், ஒத்துழைக்க மறுத்தால் மத்திய அரசின் உதவியை நாடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

மாநிலம் தன் தேவையைச் சொல்லும் பத்திரத்துக்கு எங்கள் பாஷையில் இண்டென்ட் என்று பெயர். அது மேலிருந்து வருவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கடைமடையில் பிறந்து, ஆற்றுக்கு எதிர்த்திசையில் பிரயாணம் செய்கிறது. எந்த வாய்க்காலில் எத்தனை ஏக்கர் நாற்றங்கால் விட்டிருக்கிறது, எத்தனை ஏக்கர் நடவு முடிந்து தண்ணீர் கட்டி நிற்கிறது, எத்தனை ஏக்கர் நேரடி விதைப்பு என்பதைப் பிரிவுப் பொறியாளர், மதகையும் கரையையும் காக்கும் லஸ்கர்களையும் கரையோரத்து விவசாயிகளையும் விசாரித்துக் குறித்துக்கொண்டு, வேளாண்மைத் துறையின் சாகுபடிக் கணக்கோடும், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோடும் ஒத்துப் பார்த்து, அவை மூன்றும் ஒருபோதும் ஒத்துப்போகாதாகையால் எதை எவ்வளவு நம்புவது என்பதில் தன் அனுபவத்தைச் செலுத்தி, ஓர் எண்ணை எழுதுகிறார். அந்த எண்ணோடு வழிச்சேதம் சேர வேண்டும். நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து போகும் நீரில், நனைந்து கிடக்கும் ஆறு கேட்கும் சேதம் வேறு, மூன்று வாரம் வறண்டு மணல் வெடித்த ஆறு குடிக்கும் சேதம் வேறு. காய்ந்த ஆற்றுக்கு முதல் சில நாள் விடும் தண்ணீர் பயிருக்குப் போவதாகக் கணக்கு எழுதுபவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். பிறகு கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் ஆகும் மொத்தத்தைக் கூட்டி, இடையில் பெய்யக்கூடிய மழையைக் கழித்து, மேட்டூருக்குக் கொண்டு போய்ச் சேர்த்தால், அது வினாடிக்கு இத்தனை கன அடி என்ற உருவம் பெற்றுவிடுகிறது. மிகைப்படுத்தி எழுதினால் சிறிது வெட்டினாலும் போதுமானது கிடைக்கும் என்று எண்ணும் வழக்கம் ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் இருந்தது. சாகுபடிப் பரப்பையும் பயிர் முறையையும் வைத்து இண்டென்ட் நியாயமானதா என்று எதிர்த்தரப்பும் பரிசீலிக்கும் சபையில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. ஒரு முறை ஊதிய எண்ணைக் காட்டியவர் அடுத்த முறை உண்மையைக் காட்டினாலும் அதிலும் ஊதல் எவ்வளவு என்றுதான் தேடுவார்கள்.

இனி தேதிக்கு வருகிறேன். தீர்ப்பின் மாதவாரி அட்டவணைப்படி ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76, பின்னர் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. பிலிகுண்டுலுவைக் கடக்க வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடும் நீர். ஆகஸ்டின் பங்கு நாள்தோறும் சுமார் 17,000 கன அடி என்று ஆகிறது. இந்த வரிசையைக் கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு விஷயம் புலப்படும். மேட்டூரைத் திறப்பதற்குச் சம்பிரதாயமான நாள் ஜூன் 12; குறுவைக்கு நாற்றங்கால் அப்போதே நனைந்தாக வேண்டும்; ஆனால் ஜூனுக்கு எழுதியிருப்பதோ 9.19. ஆகவே குறுவையின் கதவைத் திறப்பது அந்த வருஷத்து உரிமையல்ல, போன வருஷம் மேட்டூரில் மிஞ்சிய இருப்பு. ஜனவரி 28-இல் அணையை மூடும்போது மட்டம் எத்தனை அடியில் நின்றது என்பதை வைத்து, ஜூனில் நாற்று விடலாமா என்பதைக் கோடையிலேயே உத்தேசமாகச் சொல்லிவிடலாம்.

தாமதித்து வரும் தண்ணீரின் கதி வேறு. ஜூலைக் கட்டத்தில் குறைந்ததை அக்டோபரில் ஈடுசெய்துவிட்டோம் என்று வருஷாந்தரக் கணக்கில் காட்டினால் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். ஆனால் அக்டோபரில் குறுவை அறுவடைக்கு நிற்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும், அந்த நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிக் கடலுக்கு அனுப்புவதுதான் கல்லணையில் இருப்பவனுக்கு வேலையாகிவிடும். கல்யாணம் முடிந்த மறுவாரம் வந்திறங்கும் சீர்வரிசைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அளப்பதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பிலிகுண்டுலுவில் அளவு எடுப்பவர் இரண்டு மாநிலத்தையும் சேராத மத்திய நீர்வளக் குழுமத்தார். நீர்மட்டத்தைக் கேஜில் படித்து, ஆற்றின் குறுக்கே பல இடங்களில் கரண்ட் மீட்டரை இறக்கி வேகம் கண்டு, இன்ன மட்டத்துக்கு இன்ன அளவு நீர் என்று அவர்கள் நிர்ணயிக்கும் எண்ணை இரு தரப்பும் ஏற்கின்றன. காவிரியைப் பற்றிய சண்டையில் மற்ற எல்லாமே சர்ச்சைக்குரியதாக இருக்க, இந்த ஓர் எண் மட்டும் பெரும்பாலும் சர்ச்சைக்கு அப்பாற்பட்டு நிற்பதை நான் சாமானியமாக நினைப்பதில்லை. பொது அளவுகோல் இல்லாத இடத்தில் எத்தனை கடுமையான உத்தரவு பிறப்பித்தாலும், நாங்கள் விட்டோம், எங்களுக்கு வரவில்லை என்ற இரண்டு சத்தியங்கள் ஏககாலத்தில் நிலவும். ஆனால் அந்த எண்ணுக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. கிருஷ்ணராஜசாகருக்கும் கபினிக்கும் கீழே, அந்த எட்டு நீர்த்தேக்கங்களில் எதற்கும் கட்டுப்படாத ஒரு விசாலமான பிரதேசம் இருக்கிறது. சிம்ஷாவும் அர்க்காவதியும் அங்கேதான் காவிரியில் கலக்கின்றன. அங்கே நல்ல மழை பெய்தால், மேலே ஒரு ஷட்டரும் அசையாமலே பிலிகுண்டுலுவில் எண் ஏறும். மழை இல்லாவிட்டால், அணையில் விட்டது வழியில் இளைத்து வந்து சேரும்.

குடிநீருக்கும் தொழிலுக்கும் எடுக்கும் நீரைக் கணக்கிடும் முறையும் விசேஷமானது. எடுத்ததில் குடிநீருக்கு நூற்றுக்கு 20, தொழிலுக்கு நூற்றுக்கு 2.5 மட்டுமே செலவு என்றும், எஞ்சியது ஆற்றுக்கே திரும்பிவிடுகிறது என்றும் நடுவர் மன்றம் விதித்தது. நகரம் ஐந்து குடம் எடுத்தால் புத்தகத்தில் ஒரு குடம். பெங்களூரின் ஒரு பாகத்துக் கழிவு விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கு வந்து காவிரியைச் சேருகிறது என்பது மெய்தான். மற்றொரு பாகம் தென்பெண்ணையின் பக்கம் சரிகிறது என்பதும் மெய். அங்கே போன குடங்கள் காவிரிக்குத் திரும்புவதில்லை. திரும்பி வருபவையும் எந்த நிலையில் வருகின்றன என்பதைக் கரண்ட் மீட்டர் சொல்லாது. நுரையும் தெளிவும் அதற்கு ஒரே கன அடிதான். உபயோகத்தை அங்கீகரிக்கும் அமைப்பு, அளவைப் போலவே குணத்தையும் ஒரு கட்டத்தில் எழுதிக் கேட்கும் காலம் வரவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இவ்வளவும் நல்ல வருஷத்துக்கான ஏற்பாடு. பஞ்ச வருஷத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்வது சுருக்கமானது: குறைவை விகிதாசாரப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும். எந்தத் தேதியில், எந்த அணைகளின் வரத்தை, எத்தனை வருஷச் சராசரியோடு ஒப்பிட்டு விகிதம் காண்பது என்பதில் மாநிலங்களுக்குள் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. 2023-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கும் வரத்து பாதிக்கு மேல் குறைந்திருந்தபோது, ஆகஸ்டு 29 முதல் பதினைந்து நாளைக்கு வினாடிக்கு 5,000 கன அடி விட டில்லியிலுள்ள ஆணையம் உத்தரவிட்டது. அதே அளவு செப்டம்பரிலும் தொடர்ந்தது. இதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிறகு அக்டோபர் 15 வரை 3,000 கன அடி என்று ஆயிற்று. முதல் பதினைந்து நாளின் நீர் மொத்தம் ஆறரை டி.எம்.சி.க்குள்தான் அடங்கும். மாண்டியாவில் அதற்கே மறியல் நடந்தது; தஞ்சாவூரில் அது போதாதென்று மறியல் நடந்தது. இரண்டு இடத்திலும் தெருவில் நின்றவர்கள் தங்கள் பயிரைப் பற்றிச் சொன்னது பொய்யல்ல. மேட்டூர் அக்டோபர் 10-இல் மூடப்பட்டது. நின்ற சம்பாவுக்காக 2024 பிப்ரவரியில் 2 டி.எம்.சி. திறந்துவிட நேர்ந்தது.

இத்தகைய வருஷங்களில் கீழே முறை வைத்துத்தான் விட முடியும். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று மாற்றி மாற்றித் திறந்து, முறை முடிந்த தலைப்பை இரவோடிரவாக அடைத்து, யாரும் கொறம்பு போட்டு மறிக்காதபடி லஸ்கர்களைக் கரையில் நடக்கவிட்டாலும், மேட்டூரில் விட்ட நீர் கடைமடையை எட்டப் பத்து நாளாவது பிடிக்கும். “டில்லியில அஞ்சாயிரம் அடி விடச் சொல்லிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கே சார், எங்க வாய்க்கால்ல மண்ணுல்ல கெடக்கு” என்று கேட்பவருக்கு, “முறை வருதுங்க, இன்னும் ரெண்டு நாள் பொறுங்க” என்று சொல்வதைத் தவிர ஒரு பொறியாளனிடம் வேறு பதில் இருப்பதில்லை. டில்லியில் அங்கீகாரமாகும் பதினைந்து நாளும் அவருடைய வாய்க்காலின் பதினைந்து நாளும் ஒரே காலண்டரில் இல்லை.

பற்றாக்குறைக்கு ஒரு சூத்திரத்தை, யாருக்குக் குறையப்போகிறது என்று எவருக்கும் தெரியாத காலத்தில், எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய பிடிவாதம். அதற்குச் சந்தர்ப்பம் கிடைக்காமலில்லை. 2022-23 நீர் வருஷத்தில் பிலிகுண்டுலுவைக் கடந்த நீர் 600 டி.எம்.சி.க்கும் மேல், அடுத்த வருஷமோ உரிய 177.25-இல் பாதிகூட வந்து சேரவில்லை. நிதானமாக உட்கார்ந்து விகிதம் பேசுவதற்கு முதல் வருஷத்தைவிட உகந்த காலம் அமையாது. ஆனால் கொள்ளிடம் கரைபுரண்டு ஓடும் வாரத்தில் பற்றாக்குறையைப் பற்றிக் கூட்டம் போடலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த வாரத்தில் பொறியாளர்கள் அனைவரும் மணல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.