விளக்கும் நெளிவும்

சங்கத்தின் சின்னமாகக் குத்துவிளக்கொன்றைக் கணினியில் வரைந்தார் ஓர் இளைஞர். மஞ்சள் நிறம் கொடுத்தார். "மஞ்சள் அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு, தம்பி" என்ற தாயார், பூசையறை விளக்கை யன்னலருகே வைத்தார். அதில் மஞ்சளைவிடக் கருமையும் வெண்மையுமே பட்டை பட்டையாகத் தெரிந்தன. சுற்றியுள்ளதைப் பிரதிபலிப்பதே உலோகத்தின் மினுக்கம்.

ஃபோட்டோஷாப்பில் 1994 முதல் அடுக்குகள் உண்டு. அடியில் உருவம், மேலே நிழற்பட்டைகள், உச்சியில் ஒளிக்கீற்று, விளிம்பின் நெளிவு எனத் தனித்தனி அடுக்காக வரைந்தார். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டபோதும் பித்தளையாகவே தெரிந்தது.

நெளிவை நீக்கச் சொன்னார்கள் சிலர். அந்த ஓரடுக்கை மறைத்தாலே போதும். தாயார் சொன்னார்: "ஊரை விட்டு வரேக்கை பெட்டிக்குள்ளை நெளிஞ்சது. அது இருக்கட்டும்."

அடுக்கு அப்படியே இருக்கிறது.