11.4, நார்மல்

தெரிந்தே செய்த தப்பு இது. லடாக்கின் லே நகரில் பிரசவ வார்டு மருத்துவராக இருந்தபோது செய்தது.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதை ஈடுகட்டச் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டினைச் சுரக்கும், எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். ஆகவே அந்த உயரத்தில் ரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் எல்லையைச் சுமார் 2.5 கிராம் உயர்த்திப் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமவெளியில் கர்ப்பிணிக்கு 11 என்றால் அங்கே 13.5. தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.

ஆனால் மதுரையில் பழகிய கை. பதினோரு பாயிண்டைத் தாண்டினாலே "ரத்தம் நல்லா இருக்கும்மா" என்று அனுப்பிவிடும். யாராவது கேட்டால் சொல்ல ஒரு சாக்கும் வைத்திருந்தேன். திபெத்தியர்களுக்கு மரபணு வாகினால் ஹீமோகுளோபின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் அளவுக்கு ஏறுவதில்லை, லடாக்கியர்களும் அவர்களுக்கு நெருக்கமானவர்கள், எனவே 2.5 கூட்டுவது மிகை என்பேன். ஆய்வாளர்களிடையே உண்மையிலேயே இந்த விவாதம் உண்டு. என் சோம்பலுக்கு அது வசதியாகப் போயிற்று.

ஒரு குளிர்காலத்தில் பிரசவித்த பெண்ணுக்கு மூன்றாம் நாள் 11.4. 'நார்மல்' என்று எழுதினேன். எழுந்தால் தலை சுற்றுகிறதாம் என்றார் மாமியார். "பிள்ளை பெத்த உடம்பு, அசதி இருக்கத்தான் செய்யும் அம்மா" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஆறாம் வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவள் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செவிலியர்தான் தாய்-சேய் அட்டையைப் புரட்டி என் முன்னால் வைத்தார். பிரசவத்துக்கு முந்தைய வாரம் 14.2! கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் ஹீமோகுளோபின் குறைவாகத் தெரியும். பிள்ளை பிறந்து சில வாரங்களில் அந்த நீர் வடிந்து அளவு ஏற வேண்டும். இவளுக்கோ மூன்றாம் நாளே 2.8 இறங்கியிருக்கிறது. அவ்வளவு ரத்தம் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மரபணு விவாதம் எதற்கு? அவளுடைய பழைய எண்ணே போதும். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அன்று எடுத்தபோது 10.6. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று நான் வற்புறுத்தியிருக்கவில்லை. உப்பும் வெண்ணெயும் சேர்த்த குர்குர் சாய் என்ற தேநீரைச் சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்றும் சொல்லவில்லை. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினோம், தேறினாள். ஆனால் ஏன் இப்படி ஆனது என்று அவள் கேட்டபோது, குளிர், உயரம் என்று பூசி மெழுகிவிட்டேன். முதல் தப்பைவிட இது மோசம்.

பிள்ளை பெற்றவர்கள், அதிலும் மலையூர்க்காரர்கள், "எத்தனை பாயிண்ட்?" என்பதோடு நிறுத்தாமல் "பிரசவத்துக்கு முன்னால் எத்தனை இருந்தது?" என்றும் மருத்துவரைக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை தர வேண்டும் என்று அரசின் திட்டத்திலேயே இருக்கிறது.