குற்றாலநாதருக்கும் கஷாயம்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கத் தொடங்கும். மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழையின் மிச்சம், அந்தக் காற்றோடு பூந்தூறலாக மிதந்து இப்பக்கம் வரும். அதற்குச் சாரல் என்று பெயர். குடை பிடித்தாலும் நனைக்கும். குடையின்றி நடந்தாலும் முழுதாக நனைத்துவிடாது. ஒரு புறம் வெயில் அடிக்க மறுபுறம் தூறும். தமிழகத்தின் பல ஊர்கள் ஐப்பசி மழையை எதிர்நோக்கிக் காய்ந்துகொண்டிருக்கும் நாள்களில், தென்காசி வட்டாரம் ஈரம் சொட்ட நிற்கும். அவ்வூர் மக்கள் இதனைச் ‘சீசன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவர்.

ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையில் அமைந்து, சனியும் ஞாயிறும் சேர்ந்துகொண்ட ஓர் ஆண்டில், சென்னையிலிருந்து ஒரு குடும்பம் பொதிகை விரைவு வண்டியில் தென்காசிக்கு வந்து இறங்கியது. 77 வயது அம்மையார், அவருடைய மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, பள்ளி மாணவனான பேரன் என ஐவர். அம்மையார் பிறந்ததே தென்காசியில்தான். மணமாகிச் சென்னை சென்ற பின்னரும் அவருடைய கணவர் ஆண்டு தவறாமல் அவரைச் சாரலுக்கு அழைத்து வருவார். கணவர் காலமான பிறகு பதினோர் ஆண்டுகளாக அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது. இடையில் இழுப்பு நோய் வேறு. சென்ற மார்கழியில் அது முற்றி ஐந்து நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

ஆகவே மகன் புறப்படும்போதே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். “அருவியைக் கண்ணால் பார்க்கலாம், அம்மா. குளிக்கக் கூடாது.” அம்மையார் தலையசைத்தார். ஆனால் பயணப் பையின் அடியில் ஒரு பழைய நூல் சேலையையும் சிறு பொட்டலம் சீயக்காய்ப் பொடியையும் வைத்திருந்தார். மருமகள் அதனைப் பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

தங்கியது மேலகரத்தில், அம்மையாரின் தங்கை வீட்டில். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள இவ்வூர், ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’ பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். குற்றாலம் செல்வோர் பலரும் இதனைப் பேருந்தின் சாளரம் வழியே கடந்துபோய்விடுவது வருந்தத்தக்கது.

தங்கையின் கைப்பக்குவத்தைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல இயலாது. முதல் நாள் மதியம் சொதி. திருநெல்வேலிச் சீமையில் திருமணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு இடும் விருந்தில் சொதி இல்லாமல் இலை நிறையாது. தேங்காயைத் துருவி மூன்று முறை பால் பிழிய வேண்டும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி ஆகியவற்றை நீர்த்த பாலில் வேகவிட்டு, குழைய வெந்த சிறுபருப்பைச் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்ற வேண்டும். திக்கான முதற்பாலைக் கடைசியில்தான் விட வேண்டும். அதன் பிறகு கொதித்தால் பால் திரிந்து எல்லாம் வீண். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதால் உடன் இஞ்சித் துவையல் கட்டாயம் உண்டு. வெளியே சாரல் ஓட்டின் மேல் ஓசையின்றி இறங்க, சுடுசோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்த பேரன் மூன்றாம் முறையும் இலையை நீட்டினான். அம்மையார் அதிகம் உண்ணவில்லை. அவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் தென்காசி காசி விசுவநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய ஆலயம் இது. பிற்காலத்தில் இக்கோயிலைக் காப்பவர் யாராயினும் அவர் திருவடிகளை வணங்குவதாக அம்மன்னன் கல்லில் பொறித்துவைத்தான். முடி சூடியவன், இன்னும் பிறவாத யாரோ ஒருவரின் காலில் முன்கூட்டியே விழுந்துவிட்டான்! அவன் கவலைப்பட்டவாறே கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. கோபுர வாயிலில் காற்று ஆளைத் தள்ளும். அங்கே நின்ற அம்மையார், காற்றில் பறந்த முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிறுமிபோல் சிரித்தார்.

அன்றிரவே பேரருவியையும் பார்த்துவிடலாம் என்று போனார்கள். மலையில் கனமழை. பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் சீறி விழுந்தது. காவலர்கள் கயிறு கட்டிக் குளிக்கத் தடை விதித்திருந்தார்கள். சிலர் காவலரிடம் வாதாடினார்கள். அது அறிவீனம். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் நொடிப்பொழுதில் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை அவ்வூர் இன்னும் மறக்கவில்லை. அருவி உச்சியிலிருந்து நேராக விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்தே கீழே வருகிறது. அக்குழி இல்லையேல் அடியில் மனிதர் தலை கொடுக்க முடியாது. வெள்ளக் காலத்தில் அந்தக் குழியும் போதாது. மகன் அம்மாவைப் பார்த்து, “பார்த்தாயா அம்மா?” என்றார். அம்மையார் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அருவிக்கு அருகிலேயே அமைந்த திருக்குற்றாலநாதர் ஆலயம். சங்கு வடிவில் கட்டப்பட்ட கோயில். திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு ஒரு பதிகமும், தலமரமான குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியருளினார். மரத்துக்கென்று ஒரு பதிகம் பெற்ற பெருமை இந்தப் பலாவுக்கு. திருமால் தலமாக இருந்ததை அகத்திய மாமுனிவர் சிவத்தலமாக்கினார் என்பது தலபுராணம். அருகிலுள்ள இலஞ்சியில் குமரனை வழிபட்டுவிட்டு இங்கு வந்த முனிவர், நின்ற திருமேனியின் தலையில் கைவைத்து அழுத்த, அது குறுகிச் சிவலிங்கமாயிற்றாம். அவருடைய விரல் தடம் இன்றும் இலிங்கத்தின் மேல் உண்டு என்பர்.

இனி வருவதுதான் இத்தலத்துக்கே உரியது. முனிவர் அழுத்தியதால் பெருமானுக்குத் தலைவலி. போதாக்குறைக்கு ஓயாத அருவியும் சாரலும் தரும் குளிர். எனவே மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய தைலத்தால் நாள்தோறும் அவருக்கு அபிடேகம் செய்கிறார்கள். இரவு அர்த்தசாமத்தில் சுக்கு, மிளகு, கடுக்காய் முதலியன இட்ட கஷாயம் நிவேதனம். சர்க்கரைப் பொங்கலும் வடையும் எல்லாச் சாமிக்கும் உண்டு. சளி பிடிக்காமல் இருக்கக் கஷாயம் குடிக்கும் சாமி வேறெங்கே இருக்கிறார்!

தைலம் பூசிய திருமேனியைக் கண்ட பேரன், “கல்லுக்குக் குளிருமா, பாட்டி?” என்று கேட்டான். குருக்கள் காதில் அது விழுந்துவிட்டது. “எங்களுக்குக் குளிர்கிறது, தம்பி. அவர் எங்களோடுதானே இருக்கிறார்?” என்று சொல்லித் திருநீற்றைக் கொடுத்தார்.

குழல்வாய்மொழி அம்மையை வணங்கிவிட்டுச் சற்றுத் தொலைவிலுள்ள சித்திர சபைக்குச் சென்றார்கள். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் இது ஒன்று. இங்கு ஆடுபவர் செப்புத் திருமேனியாக இல்லாமல் சுவரோவியமாகவே வழிபடப் பெறுகிறார். குளத்தின் கரையில் அமைதியாக நிற்கும் இம்மண்டபத்தில் அருவிக்கரைக் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் சற்று உட்கார்ந்து தரிசிக்க இதைவிட நல்ல இடம் குற்றாலத்தில் கிடையாது. வெளியே வந்ததும் பேத்தி மங்குஸ்தானும் ரம்புட்டானும் பேரம் பேசி வாங்கினாள். பேரம் சரியில்லை என்று அம்மையார் அவளிடமிருந்து பையைப் பறித்து, தென்காசிப் பேச்சில் கடைக்காரரிடம் மீண்டும் பேசி, மேலும் நான்கு பழம் போடச் செய்தார்.

அன்று மதியம் உளுந்தம்பருப்புச் சோறு. தோலுடன் உடைத்த கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசியோடு வெந்தயம், பூண்டு, தேங்காய்த் துருவல் கூட்டி ஒரே பாத்திரத்தில் பொங்குவது. எள்ளுத் துவையலும் அவியலும் துணை. இடுப்புக்கு வலு என்று அக்காலத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயப்படுத்தி ஊட்டிய சோறு. பேத்தி முதலில் அதன் நிறத்தைக் கண்டு தயங்கினாள். பிறகு செய்முறையைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள்.

இரவு பாத்திரங்களை ஒழித்துப் போடும்போது, மருமகள் மெல்லச் சேலை விவகாரத்தைத் தங்கையம்மாளிடம் சொன்னாள். “அத்தைக்கு ஆசை, சித்தி. அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான்.”

தங்கையம்மாள் அடுப்பைத் துடைத்தபடியே கேட்டார்: “பக்கத்தில் அருவி விழுகிறது, குளிரும் என்று குற்றாலநாதரைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு ஊரில் வைத்துவிட்டார்களா? எண்ணெய் தேய்க்கிறார்கள், கஷாயம் கொடுக்கிறார்கள். அங்கேயேதான் வைத்திருக்கிறார்கள்.”

மருமகள் அன்றிரவே சென்னை மருத்துவருக்குத் தொலைபேசினாள். அவர் தடுக்கவில்லை, தலையில் நேராக அருவி விழக் கூடாது, ஓரமாகச் சில நிமிடம் மட்டும், உறிஞ்சு மருந்து கையில் இருக்க வேண்டும், உடனே துவட்டிவிட வேண்டும், மூச்சு வாங்கினால் அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மருமகள் அவற்றைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டாள். கணவரிடமும் சொன்னாள். அவர் நெடுநேரம் பேசாமல் படுத்திருந்து, “ஏதாவது ஆனால்?” என்று மட்டும் கேட்டார். “நான் கையை விடமாட்டேன்” என்றாள் அவள்.

ஞாயிறு அதிகாலை. இரவெல்லாம் மலையில் மழை இல்லாததால் வெள்ளம் வடிந்து, தடை நீங்கியிருந்தது. தங்கையம்மாள் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக அக்காவின் உச்சியில் வைத்துத் தேய்த்தார். சுக்கும் மிளகும் தட்டிக் கருப்பட்டியிட்ட கஷாயம் பிளாஸ்க்கில் ஏறியது. விடியுமுன் போனால் கூட்டம் இராது என்பது உள்ளூரார் கணக்கு. அது சரியாகவே இருந்தது.

பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி அம்மையார் ஓர் அடி வைத்தார். மருமகள் ஒரு கையையும் பேத்தி மறு கையையும் பற்றியிருந்தார்கள். பாறையில் பட்டுச் சிதறி ஓரமாக வழிந்த நீர் தோளில் விழுந்ததும் அவர் உடல் ஒருமுறை சிலிர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். இறைவன் பெயரா, கணவர் பெயரா என்பது அருவியின் ஓசையில் யாருக்கும் கேட்கவில்லை. கீழே வழிந்த நீரில் சீயக்காய் மணம் கலந்து ஓடியது. மருமகள் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்து, “போதும் அத்தை” என்றாள். அம்மையார் மறுபேச்சின்றித் திரும்பினார்.

உடை மாற்றிக் கூந்தலைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மகன் ஆண்கள் பக்கத்திலிருந்து ஏறக்குறைய ஓடிவந்தார். முதலில் அம்மாவின் முகத்தை, பிறகு மூச்சு ஏறி இறங்குவதை உற்றுப் பார்த்தார். மருமகள் பிளாஸ்க்கைத் திறந்து கஷாயத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அம்மையார் பாதி குடித்துவிட்டு டம்ளரை மகனிடம் நீட்டினார்.

“நீயும் ஒரு வாய் குடி. தலையைத் துவட்டாமல் நிற்கிறாய்.”

அவர் வாங்கிக் குடித்தார். எதிர்க்கடையில் அன்றைய முதல் ஈடு வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் விழுந்தது. பேரன் அதற்கு முன்பே அங்கு போய் நின்றுகொண்டிருந்தான்.