கோபுரம் தெரியுது, ரோடு வளையுது

நாலாவது செமஸ்டரில் ஏ.ஐ. பேப்பர் எழுதினப்போ எனக்கு ருமேனியா மேப் மனப்பாடம். சிரிக்காதீங்க, உங்களுக்கும் அதேதான். ரஸ்ஸல், நார்விக் எழுதின அந்தத் தடிப் புத்தகத்தில் அராத்திலிருந்து புக்காரெஸ்ட்டுக்கு வழி தேடணும். எது கிட்டக்கத் தெரியுதோ அங்கேயே ஓடினா 450. ஏ ஸ்டார் முறையில் தேடினா 418. ரெண்டையும் போட்டு நல்ல மார்க்கும் வாங்கினேன்.

போன மாசம் ஒரு கம்பெனி இன்டர்வியூ. "ஹியூரிஸ்டிக் ஏன் நிஜ தூரத்தைவிட அதிகமா இருக்கக் கூடாது?"ன்னு கேட்டாங்க. புத்தகத்து இங்கிலீஷ் வரியை அப்படியே ஒப்பிச்சேன். "அது டெஃபனிஷன். ஏன்?"னாங்க. முழிச்சேன். அவ்வளவுதான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, துறையூரிலிருந்து அப்பாவோட குட்டி யானையில் போனேன். காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காய லோடு. "என்னடா கேட்டாங்க?"ன்னார். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் நான். அப்பாவுக்குத் தமிழில் சொல்ல உட்கார்ந்தப்போதான் உள்ளே ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சது. தட்டுத் தடுமாறிச் சொன்னேன்: இதுவரை ஓடின தூரம், இன்னும் எவ்வளவு இருக்கும்னு ஒரு கணிப்பு, ரெண்டையும் கூட்டி எது குறைச்சலோ அந்த வழியை முதல்ல பார்க்கணும்.

"குத்துமதிப்புன்னு சொல்லு" என்றார். மூணு வருஷமா எனக்குக் கிடைக்காத வார்த்தை.

மண்ணச்சநல்லூர் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ஏறினோம். வலது பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 236 அடி. பக்கத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். ஆனா ஆத்துக்குள்ளே வண்டி விட முடியுமா? பாலம் இறங்கி, திருவானைக்கோவில் பக்கமா வளைஞ்சுதான் போகணும். நேர்கோட்டுத் தூரத்தைவிட ரோடு ஒருநாளும் குறையாது. அதனாலதான் ருமேனியா கணக்கிலும் நேர்கோட்டைக் குத்துமதிப்பா வைக்கிறாங்க.

"சரிப்பா, கூட்டிச் சொன்னா என்ன தப்பு?"

"ஒரு ரோடு இருபது கிலோமீட்டர் அதிகம்னு எவனாவது பொய் சொன்னா, அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்ல? அதுதான் குறுக்கு வழியா இருந்தாலும் எனக்குத் தெரியாமலே போயிடும். குறைச்சுச் சொன்னா பரவாயில்லை. கொஞ்ச தூரம் போய்ப் பார்த்து, சரியில்லேன்னா வேற வழி பார்ப்பேன். டீசல்தான் போகும்."

1968-ல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூணு பேரும் கணிதமா நிரூபிச்சது இதைத்தான். அவங்க ஷேக்கின்னு ஒரு ரோபோவுக்கு வழி தேடினாங்க. எங்க அப்பா வெங்காயத்துக்கு. (தேற்றத்தின் நிரூபணத்தை ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் எடுத்துப் படிச்சேன். முதல் தடவையா, பரீட்சை இல்லாம.)

மார்க்கெட் நெருங்கும்போது அப்பா கேட்டார்: "வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு இந்த ரோட்டுல வண்டி நகராது. உன் மெஷினுக்கு அது எப்படித் தெரியும்?"

"அது வேற யூனிட்பா."

"அதையாவது ஒழுங்காப் படி"ன்னு சொல்லிட்டு ஹாரனை அழுத்தினார்.