லாரியில் ஒரு நாலுகால் கிளீனர்

நம் ஊர் லாரியில் டிரைவர் என்று ஒருவர் இருந்தால், பக்கத்தில் கிளீனர் என்று இன்னொருவர் இருப்பது வழக்கம். டயரைத் தட்டிப் பார்ப்பது, கண்ணாடியைத் துடைப்பது, வண்டி பின்னால் போகும்போது "வரலாம், வரலாம்!" என்று குரல் கொடுப்பது, நடு ராத்திரியில் டிரைவர் கண் அசந்துவிடாமல் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

அமெரிக்காவில் நெடுந்தூரம் போகும் லாரிகளில் இந்தக் கிளீனரே கிடையாது. பதினெட்டுச் சக்கரம், சரக்கோடு சேர்த்து 80,000 பவுண்டு வரை, அதாவது 36 டன் கனம். இவ்வளவையும் இழுத்துக்கொண்டு பெரும்பாலும் டிரைவர் ஒற்றை ஆளாகத்தான் போகிறார். சில பேர் இரண்டு வாரம், மூன்று வாரம் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. ஆசனத்துக்குப் பின்னாலேயே ஒரு படுக்கை, சின்னக் குளிர்ப்பெட்டி, துணி மாட்ட நாலு கொக்கி. அதுதான் வீடு.

"அப்படியானால் பேச்சுத் துணைக்கு யார்?" என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் வந்தேன். எத்தனையோ லாரிகளில், டிரைவருக்குப் பக்கத்து ஆசனத்தில், ஒரு நாய் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

சிகாகோவிலிருந்து ஸான்பிரான்சிஸ்கோவுக்கு என் பெண்ணும் மாப்பிள்ளையும் என்னைக் காரிலேயே அழைத்துப் போனார்கள். 80-ம் நம்பர் நெடுஞ்சாலை. கிழக்கே நியூஜெர்ஸியில் ஆரம்பித்து மேற்கே ஸான்பிரான்சிஸ்கோவில் முடிகிற இந்தச் சாலை பதினொரு மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு சுமார் 2,900 மைல் ஓடுகிறது. லாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் ஒரு அல்சேஷியன், போலீஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்து எங்களைக் கடந்து போயிற்று. அடுத்து, கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி நாய், ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் குரைத்தது. அதற்கப்புறம் நான் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

அயோவா மாநிலத்தில் வால்காட் என்ற சிற்றூர். அங்கே இருக்கிறது 'அயோவா 80' என்ற லாரி நிறுத்தம். 1964-ல் திறந்தது, உலகிலேயே மிகப் பெரியது இதுதான் என்று வாசலிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அடேயப்பா! ஏறக்குறைய 900 லாரிகள் நிற்க இடம். சாப்பாட்டுக் கூடம், சலவை இயந்திரம், சினிமாக் கொட்டகை, முடி திருத்துகிறவர், பல் வைத்தியர், எல்லாம் ஒரே கூரையின்கீழ். போதாததற்கு, நாய்களுக்கென்றே ஒரு ஸ்நான அறை! டிரைவர்கள் முறை வைத்துக்கொண்டு தங்கள் நாய்களுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, எண்ணெய் ஸ்நானத்துக்கு ஓடிப்போகும் குழந்தைகளைப் பிடித்து இழுத்துவரும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஞாபகம்தான் வந்தது.

அங்கேதான் அந்த அம்மாளைச் சந்தித்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, நீலச் சட்டை போட்டிருந்தார். லாரி டிரைவர்! கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் பழுப்பு நிறத்தில், ஜாதி சொல்ல முடியாத ஒரு நாய். பெயர் பிஸ்கட்.

"கணவர் போய்விட்டார், பிள்ளைகள் வளர்ந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டேன்" என்றார் அவர். "முதல் வருஷம் தனியாகத்தான் ஓட்டினேன். ஒரு நாள் சரக்கு இறக்குகிற இடத்தில் ஏதோ கேட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், குரலே வரவில்லை. யோசித்துப் பார்த்தால், நாலு நாளாக நான் ஒருவரோடும் பேசியிருக்கவில்லை!"

அடுத்த தடவை ஊருக்குப் போனதும், அநாதை நாய்களை வைத்திருக்கும் இடத்திலிருந்து பிஸ்கட்டைக் கொண்டுவந்தாராம். ஆனால் அவர் வேலை பார்த்த கம்பெனியில் நாய் கூடாது என்பது சட்டம். சில கம்பெனிகள் அப்படித்தான். சில கம்பெனிகள் முன்பணம் வாங்கிக்கொண்டு விடுகின்றன. ஒரு நாய்தான், அதுவும் இத்தனை எடைக்குள் என்று வரம்பு வைக்கின்றன.

"அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்றேன்.

"வேறு கம்பெனிக்கு மாறினேன். சம்பளம் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் ராத்திரி தூக்கம் வருகிறதே!"

இதைக் கேட்டதும் என் பெண் என்னைப் பார்த்தாள். நூற்றுக்கணக்கான லாரிகளுக்கு நடுவே, முன்பின் தெரியாத ஊரில், ஒரு பெண் தனியாகப் படுத்து உறங்குவது என்றால் சாமானியமா? லாரிப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டாலே பிஸ்கட் உறுமிவிடுமாம்.

அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். அந்த நாட்டுச் சட்டப்படி, சரக்கு லாரி டிரைவர் 11 மணி நேரம் ஓட்டினால், தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான லாரிகளில் இதைக் கணக்கெடுக்க மின்னணுக் கருவியே வைத்துவிட்டார்கள். "ஆனால் பாருங்கள், சட்டம் வண்டியை நிறுத்தும்; என்னைக் கீழே இறக்காது. முன்பெல்லாம் நிறுத்தினால் படுக்கைதான், பொட்டலத் தீனிதான். இப்போது பிஸ்கட் விடுமா? மழையானாலும் பனியானாலும் இறங்கி நடந்தாக வேண்டும். நடக்கிற இடத்தில் இன்னொரு நாய் வரும். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மனுஷர் வருவார். 'உங்கள் நாய் பெயர் என்ன?' என்று பேச்சு ஆரம்பித்துவிடும்!"

அயோவாவைத் தாண்டினால் நெப்ராஸ்கா. லிங்கன் நகருக்கு மேற்கே 70 மைலுக்குமேல் சாலை கோடு போட்டாற்போல் நேராகப் போகிறது. அதற்கப்புறம் ஒயோமிங். அங்கே 8,640 அடி உயரத்தில் ஷெர்மன் முகடு. இந்தச் சாலையிலேயே உயரமான இடம். குளிர்காலத்தில் காற்றும் பனியும் மிஞ்சினால் சாலையையே மூடிவிடுவார்களாம். அதனால் டிரைவர்கள் தங்களுக்கு இரண்டு நாள் ரொட்டி என்றால், நாய்க்கும் இரண்டு நாள் தீனி, தண்ணீர் என்று கணக்காக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

நெவாடா பாலைவனத்தில் கதை வேறு. குளிரைவிட வெயில்தான் நாய்க்கு எமன். வெளியே 21 டிகிரி செல்ஸியஸ் என்று இதமாக இருக்கும். மூடிய காருக்குள் இருபதே நிமிஷத்தில் 37 டிகிரியாகிவிடும்! மனிதர்களைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். என்ஜினை ஓட விட்டுக் குளிர்ச்சி செய்யலாம் என்றால், கலிபோர்னியாவில் நின்ற டீசல் லாரியின் என்ஜின் பொதுவாக ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது. அதனால் குளிர்சாதனத்துக்கென்று தனியாக ஒரு சின்ன என்ஜினோ பாட்டரியோ வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே சூடு ஏறினால் டிரைவரின் டெலிபோனுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளும் உண்டு. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, பொறுக்க முடிந்தால்தான் நாயை இறக்குகிறார்கள். லாரியின் படி ஆள் உயரம் என்பதால், வயதான நாய்க்குச் சாய்வுப் பலகை. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் கனடா எல்லையில் தகராறு. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவதற்குக் கொஞ்சமும் குறைந்த வேலை இல்லை!

இந்தச் சிநேகம் இன்று நேற்று வந்ததல்ல. 1903-ல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்ஸன் என்ற டாக்டர், 50 டாலர் பந்தயத்துக்காக, ஸான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குக் காரிலேயே போய்க் காட்டினார். அமெரிக்காவைக் கடற்கரைக்குக் கடற்கரை காரில் கடந்தது அதுதான் முதல் தடவை. 63 நாள் ஆயிற்று. கூட ஸூவல் க்ராக்கர் என்ற மெக்கானிக். வழியில், ஐடஹோவில், பட் என்ற நாயையும் ஏற்றிக்கொண்டார்கள். உப்பு மண் தூசியில் அதன் கண்கள் சிவந்துபோகவே, டாக்டர் அதற்கும் ஒரு மோட்டார்க் கண்ணாடி மாட்டிவிட்டார்! வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அமெரிக்க வரலாற்றுக் காட்சிச்சாலையில் அந்தக் காரும், பட்டின் கண்ணாடியும் இன்றும் இருக்கின்றன.

"ஓடி விளையாட வேண்டிய ஜீவனை ஒரு பெட்டிக்குள் அடைத்து வைப்பது பாவமில்லையா?" என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்விதான். இறங்கி நடக்கச் சோம்பல்படுகிறவர் நாயை ஏற்றவே கூடாது. ஆனால் ஒன்று: வீட்டு நாய் எஜமானர் எப்போது வருவார் என்று பகலெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. லாரி நாய்க்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

ஸான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர்வதற்குள் நான் எண்ணியது முப்பத்தொன்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவற்றில் பாதி, பக்கத்து ஆசனத்தில் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. கிளீனர்கள் எந்த ஊரிலும் அப்படித்தானே! ஆனால் வண்டி நின்றதும் முதலில் எழுந்து, "இறங்கலாமா?" என்று டிரைவர் முகத்தைப் பார்த்தவையும் அவைதாம்.