ஓசையின் பிறப்பிடம்

நோயுற்ற மனிதன் தன் வலியைச் சொல்வான். பேசத் தெரியாத குழந்தைக்கும் அழுகை இருக்கிறது. ஊர்திக்கோ ஓசை ஒன்றே மொழி. அம்மொழியைச் செவிமடுக்கப் பழகாதவர்க்கு இருவகை இழப்பு நேரும். பெரிய கேட்டைச் சிறிதென எண்ணி உயிருக்கு ஊறு தேடிக்கொள்வது ஒன்று; சிறு பழுதைப் பெரிதென அஞ்சிக் கைப்பொருளை இழப்பது மற்றொன்று. தானியங்கி கியர் பொருத்திய பழைய கார்கள் நம் இல்லங்களுக்கு மிகுதியாக வரத் தொடங்கியுள்ள இந்நாளில், இவ்விரண்டையும் பற்றிச் சில சொல்வது பயனுடையதென எண்ணுகிறோம்.

தானியங்கி கியர் புதுமையன்று. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களிலேயே 'ஹைட்ராமேட்டிக்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் மட்டும் நெடுங்காலம் அது செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ குறைந்த விலையில் அவ்வசதியுடன் வெளிவந்த பின்னர் நடுத்தரக் குடும்பத்தினரும் அதனை நாடலாயினர். அக்காலத்தில் வாங்கப்பட்ட பல வகைக் கார்கள் இப்போது கைமாறி வருகின்றன. தருமபுரிக்குப் பெங்களூர் அண்மையில் இருப்பதால், அங்கே ஓடியவை தடையின்மைச் சான்று பெற்று இங்கு வந்து தமிழ்நாட்டுப் பதிவெண் பூணுகின்றன. இடக்கால் மூட்டு வலியால் கிளட்சை மிதிக்க இயலாத நாமும் அவ்வாறு வந்த ஒன்றை வாங்கினோம். கார் வந்தது, அதன் வரலாறு வரவில்லை. எப்போது ஆயில் மாற்றினார்கள், எந்தப் பாகத்தைக் கழற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

தானியங்கி என்பது ஒரே வகையன்று என்பதை வாசகர்கள் முதலில் அறிய வேண்டும். ஒரு வகையில், எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே ஆயில் நிரம்பிய உருண்டையொன்று உண்டு. ஓடும் மின்விசிறிக்கு எதிரே மற்றொரு விசிறியை வைத்தால் காற்றின் வேகத்தால் அதுவும் சுழலுமன்றோ? அவ்வாறே அவ்வுருண்டைக்குள் ஒரு சக்கரம் தள்ளும் ஆயில் மற்றொன்றைச் சுழற்றுகிறது. 1905இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோட்டிங்கர் காப்புரிமை பெற்ற கருத்து இது. இன்னொரு வகையில், அகலம் மாறும் இரு கப்பிகளுக்கிடையே ஒரு பட்டை ஓடும். அதில் வேகம் ஏறுமுன்னரே எஞ்சின் உரக்க முழங்குவது இயல்பு. செலேரியோவில் வந்த வகையோ சாதாரண கியர்தான். கிளட்சை மிதிக்கும் வேலையை மட்டும் பொறி செய்கிறது. கியர் மாறும்போது அதில் மெல்லிய சொடுக்கொலி எழலாம். ஒன்றுக்கு நோயாகும் ஓசை மற்றொன்றுக்கு இயல்பாகலாம். ஆதலின் வகையறியாமல் தீர்ப்புக் கூறலாகாது. நமது கார் ஆயில் உருண்டை வகையைச் சேர்ந்தது.

ஒருநாள் பாலக்கோட்டுச் சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டரைக் கடந்ததும் அடியிலிருந்து தேனீக் கூட்டம் இரைவது போன்ற முழக்கம் எழுந்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடிற்று. ஒரு பட்டறையில் காட்டினோம். அங்கிருந்தவர் சிறிது தொலைவு ஓட்டிப் பார்த்து, "ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் போயிடுச்சுங்க, முழுசா மாத்தணும்" என்றார். அவர் சொன்ன தொகை காரின் விலையில் பாதிக்கும் மேல். மகளின் கல்லூரிப் படிப்புக்கென நம் இல்லத்தார் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்ததைத் தொட்டாலன்றி அதனைக் கொடுக்க வழியில்லை. அவர் நம்மை ஏமாற்ற எண்ணினார் என்று நாம் கூறவில்லை. தானியங்கி என்ற பெயரைக் கேட்டவுடனே ஓசை அனைத்தையும் அதன் தலையில் சுமத்தும் பழக்கம் பலரிடமும் இருக்கிறது.

மதரஸாவில் சிறாருக்கு எழுத்துகளின் ஒலிப்பைக் கற்பிப்பதே நமது நெடுங்காலப் பணி. தொண்டையின் நடுவிலிருந்து எழும் 'ஹா' ஒன்று. தொண்டையின் அடியிலிருந்து எழும் 'ஹா' வேறொன்று. பழகாத செவிக்கு இரண்டும் ஒன்றே. பிள்ளை தவறாக ஓதும்போது, "சரியாக ஓது" என்று அதட்டிப் பயனில்லை. அவ்வொலி எவ்விடத்தில் பிறக்கிறது என்று கண்டாலே திருத்த முடியும். இவ்விடத்தை 'மக்ரஜ்' என்போம். 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் தம் அகராதியையே எழுத்துகள் பிறக்கும் இடவரிசைப்படி தொகுத்தார். நம் தொல்காப்பியரும் பிறப்பியல் என ஓர் இயலையே இதற்கென வகுத்தார். நாவின் ஒலிக்குப் பிறப்பிடம் இருப்பதுபோல் இரும்பின் ஒலிக்கும் இருக்க வேண்டுமே என்ற எண்ணம், கியர் பாக்ஸைக் கழற்றுமுன் மற்றொருவரையும் கேட்கத் தூண்டிற்று.

அவர் பாலக்கோட்டில் மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக். "ஐயா, சத்தம் வருதுன்னு சொல்லாதீங்க, எப்ப எப்ப வருதுன்னு சொல்லுங்க" என்பதே அவரது முதற்சொல். நிற்கும்போது வருகிறதா? எஞ்சின் சூடேறுமுன் வருகிறதா? ஆக்சிலரேட்டரை விட்டால் அடங்குகிறதா? வளைவில் மாறுகிறதா? மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

பின்னர்ச் சோதனை தொடங்கிற்று. காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து எஞ்சினை முடுக்கினார், முழக்கம் இல்லை. ஆயில் பம்ப் எஞ்சினோடு சுழல்வது; அது பழுதாயினும், ஆயில் குறைந்தாலும், வடிகட்டி அடைத்தாலும் நிற்கும்போதே சீறலொலி கேட்டிருக்கும். அடுத்து, ஆளரவமற்ற நேரான சமதளச் சாலையில் ஓட்டி, முழக்கம் எழுந்ததும் ஒரு கணம் நியூட்ரலுக்கு மாற்றினார். எஞ்சினின் சுழற்சி தணிந்தது, முழக்கம் தணியவில்லை. ஆகவே அது எஞ்சினைச் சார்ந்ததன்று, சக்கரத்தின் ஓட்டத்தைச் சார்ந்தது. இடப்புற வளைவில் காரின் பாரம் வலச் சக்கரங்களின்மீது சாயும். அப்போது ஓசை மிகுந்தது. வலப்புற வளைவில் குறைந்தது. திரும்பி வந்து ஜாக்கியில் ஏற்றி, முன் வலச் சக்கரத்தைக் கையால் சுழற்றியவாறே மறுகையைச் சுருள்வில்லின்மேல் வைக்கச் சொன்னார். மணலை அரைப்பது போன்ற நறநறப்பு நம் விரல்களில் ஏறிற்று. தேய்ந்திருந்தது சக்கரத்தின் பேரிங். கியர் பாக்ஸ் நலமாகவே இருந்தது. மறுநாள் மாலைக்குள் பேரிங் மாற்றப்பட்டது, முழக்கம் நின்றது. இல்லத்தாரின் சேமிப்பும் கல்லூரிக்கே சென்றது.

அன்று அவரிடம் கேட்டறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம். பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கோ டிரைவுக்கோ மாற்றும்போது 'டொக்' என்று இடித்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளை முதலில் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் முன் ஆக்சில் மூட்டின் தேய்வை ஐயுறலாம். வேகத்தடைப் பட்டைகள்மேல் ஏறுவது போன்ற நடுக்கம், சீராகச் செல்லும்போதே தோன்றினால் அது ஆயில் உருண்டையின் பூட்டுக் கிளட்சைச் சார்ந்ததாகலாம். ஆயில் பழுத்திருப்பதும் அதற்குக் காரணமாகும். எஞ்சின் இரைந்தும் கார் நகராது வழுக்கினால், அல்லது ஆயில் கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால், தாமதியாது நிறுத்துக. ஆயிலை மாற்றும்போது காரின் கையேடு குறித்த வகையையே ஊற்றுக. வேறொன்று கியரையே கெடுக்கும்.

ஓசையைப் புறக்கணித்தல் ஏன் தகாது என்பதற்குத் தொப்பூர்க் கணவாயே சான்று. முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட நெடுஞ்சாலை, தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி அங்கே சரிந்து இறங்குகிறது. விபத்துக்குப் பேர்போன இடம் அது. எரிபொருள் மிச்சமென்று சிலர் அச்சரிவில் நியூட்ரலில் காரை உருளவிடுகின்றனர். அதனால் எஞ்சினின் தடுப்பாற்றல் அற்றுப்போய்ப் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறி வலுவிழக்கும். தானியங்கியிலும் தாழ்ந்த கியருக்கு மாற்றும் வழி உண்டு; அதனைக் கையாள்க. பேரிங் முழக்கத்தோடும் வழுக்கும் கியரோடும் அச்சரிவில் மனைவி மக்களை ஏற்றிச் செல்லுதல் தகாது. வழியில் கார் நின்றுவிட்டால், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளுமாறு கட்டி இழுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது. கியருக்கு ஆயில் எட்டாது.

இனி, வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் ஒரு சொல். நாம் காரை ஓட்டிப் பார்த்த அன்று, விற்றவர் வழிநெடுகப் பாட்டை உரக்க ஒலிக்கவிட்டிருந்தார். உபசாரமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பழைய கார் வாங்கச் செல்வோர் பாட்டை நிறுத்தச் சொல்க. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கிக் கேட்க. கண்ணாடியை இறக்கி நெடுஞ்சுவரையொட்டி மெல்ல ஓட்டுக, சுவர் ஓசையைத் திருப்பித் தரும். விற்போர் தாம் அறிந்த குறையை வாய்திறந்து சொல்க. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்னும் தலைப்பில் வாங்கியவர்க்கு வழங்குகின்றன. அந்த உரிமையை அவர் தேடி வரும் நிலை நேராமல் காப்பதே நல்ல வணிகம்.

நமது காரில் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கிறது. பேரிங் மாற்றிய நாள், ஆயில் மாற்றிய நாள், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், இன்னும் தீராத சிறு சிறு ஓசைகள் எல்லாம் அதில் பதிவாகின்றன. என்றேனும் இக்கார் நம் கையைவிட்டுப் போகுமாயின், சாவியோடு அவ்வேடும் போகும்.